வீட்டு ரிப்பேருக்கு ஆள் கூப்பிடறப்போ நாம பண்ற தப்புங்க

ஒரு நாள் காலைல கீழ் வீட்டு அங்கிள் போன் பண்ணி, "தம்பி, கொஞ்சம் இறங்கி வந்து எங்க பாத்ரூம் சீலிங்க பாரேன்"னாரு. போய் பார்த்தா ஃபால்ஸ் சீலிங் ஷீட் ஓரமா மஞ்சளா ஊறிப்போய், சொட்டு சொட்டா தண்ணி அவர் வாஷ்பேசின் மேல விழுந்துட்டு இருக்கு. மேல இருக்கறது எங்க பாத்ரூம்தான். அங்க ஆரம்பிச்சது, மூணு மாசத்துல மூணு ஆள், மொத்தம் 15,700 ரூபா. இதுல உண்மையான வேலைக்கு போனது வெறும் 2,200 தான்.

முதல் தப்பு என்னோடதுதான். தண்ணி ஒழுகுதுன்னு மட்டும் சொல்லி விட்டிருக்கணும். நான் யூடியூப் பார்த்துட்டு "டைல்ஸ் இடுக்குல தண்ணி இறங்குது, எபாக்ஸி போடணும்"னு, அதாவது இடுக்க அடைக்கற பசைய, நானே வைத்தியம் சொல்லி ஆள கூப்பிட்டேன், வந்தவரும் சரி சார்னு போட்டுட்டு 4,500 வாங்கிட்டு போயிட்டாரு. அவர் மேல என்ன தப்பு சொல்றது, கேட்டத செஞ்சாரு. பதினஞ்சு நாள்ல மறுபடியும் சொட்டு. அடுத்து வந்தவர் டைல்ஸ் மேல ஒரு கெமிக்கல் அடிச்சாரு, 9,000, ரெண்டு நாள் வீடே நாறுச்சு, சொட்டு மட்டும் நிக்கல. அவரே திரும்ப வந்து "மொத்தமா ஒடைச்சுட்டு புதுசா போட்டாதான் சார் சரியாகும், 40,000 ஆகும், பாதி அட்வான்ஸ் குடுங்க"ன்னாரு. நல்லவேளையா அந்த வாரம் என் கைல காசு இல்ல.

மூணாவதா வந்தவர் ஒரு வயசான பிளம்பர், பக்கத்து தெரு ஹார்ட்வேர் கடைல சொல்லி விட்டாங்க. வந்த உடனே எதையும் ஒடைக்கல, விலையும் சொல்லல. ஒரு பழைய துணிய பாலிதீன் கவர்ல சுத்தி, தரைல தண்ணி போற ஓட்டைல இறுக்கமா அடைச்சாரு. ஒரு இன்ச் ஒசரத்துக்கு தண்ணிய நிரப்பி, செவுத்து டைல்ஸ்ல தண்ணி நிக்கற இடத்துல பென்சிலால ஒரு கோடு. "சார், நாளைக்கு இதே நேரம் வரேன், அதுவரைக்கும் இந்த பாத்ரூம் பக்கம் யாரும் வராதீங்க"ன்னுட்டு கெளம்பிட்டாரு. அடுத்த நாள் கோடு அப்படியே இருக்கு, கீழயும் காஞ்சுபோய் இருக்கு. அப்புறம் கீழ் வீட்ல ஃபால்ஸ் சீலிங் ஷீட் ஒண்ண மட்டும் கழட்டிட்டு டார்ச்சோட நின்னுக்கிட்டு, "இப்ப துணிய உருவுங்க சார்"னு சத்தம் குடுத்தாரு. உருவி அஞ்சு நிமிஷம் ஆகல, குழாய் ஜாயிண்ட்ல இருந்து சொட்ட ஆரம்பிச்சுடுச்சு. தரைல ஒரு கோளாறும் இல்ல, கீழ தொங்குற குழாய்லதான். நாங்க மூணு மாசமா தரைக்கு வைத்தியம் பார்த்துட்டு இருந்திருக்கோம்! முன்ன வந்த ரெண்டு பேரும் அந்த ஷீட்ட கழட்டியே பார்க்கல, நானும் பாருங்கன்னு சொல்லல.

அதனால இப்பல்லாம் என்ன பண்றேன்னா, ஆளு வர்றதுக்கு முன்னாடி நானே கொஞ்சம் பார்த்து வெச்சுக்கறேன். எப்பவுமே ஒழுகுதா, குளிச்சா மட்டும் ஒழுகுதா, மழை வந்தா மட்டுமா. நாள் முழுக்க ஒரே மாதிரி ஒழுகினா பெரும்பாலும் டேங்க்ல இருந்து வர்ற ப்ரெஷர் லைன், யூஸ் பண்ணா மட்டும்னா வெளிய போற லைன் இல்லன்னா தரை, மழைக்கு மட்டும்னா மொட்டை மாடியோ வெளி செவுரோ. இத சொல்லிட்டா வர்ற ஆளும் நம்மள கொஞ்சம் மரியாதையா பார்ப்பாரு, கண்டபடி ஒடைக்க சொல்ல மாட்டாரு.

அடுத்தது பேரம். நாம எல்லாரும் கூலிலதான் பேரம் பேசறோம், 1,200 கேட்டா 1,000க்கு வாங்கன்னு. நான் கடைசியா கொத்தனாருக்கு குடுத்தது 1,200, சித்தாளுக்கு 800, அதுல 200 கொறைச்சு நான் பெருசா என்னத்த மிச்சம் பண்ணிடப்போறேன்? காசு போறது வேற வழில. நாள் கூலின்னா வேலை இழுக்கும், ஒன்பதரைக்கு வந்து கலவை போடறதுக்குள்ள பதினோரு மணி டீ வந்துடும். கான்ட்ராக்ட்டுன்னா வேலை பறக்கும், ரெண்டு கோட் அடிக்க வேண்டியது ஒண்ணே முக்கால் கோட்ல முடிஞ்சிடும். என் கணக்கு என்னன்னா, அளந்து சொல்லக்கூடிய வேலை, அதாவது பெயிண்ட், டைல்ஸ் மாதிரி சதுர அடி கணக்கு வேலை கான்ட்ராக்ட்ல விடலாம், ஒடைச்சு பார்த்தாதான் தெரியும்ங்கற வேலை நாள் கூலிதான் சரி, ஆனா வீட்ல ஒருத்தர் இருக்கணும். சதுர அடில பேசும்போது கதவு ஜன்னல் ஓட்டைய கழிப்பீங்களா மாட்டீங்களான்னு முன்னாடியே கேட்டுடுங்க. பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா, ஃபர்னிச்சர் நகர்த்தி மூடறது யாரு, ஒடைச்ச கழிவ கீழ இறக்கி வண்டில ஏத்தறது யாரு, இதெல்லாம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா அனுப்பி அவர்கிட்ட இருந்து "ஓகே சார்" வாங்கிடுங்க. அந்த கழிவு மூட்டைதான் கடைசி நாள் சண்டைக்கே காரணம், எங்க அபார்ட்மெண்ட்ல நாலு வீட்ல நடந்திருக்கு.

சாமான் யார் வாங்கறதுங்கறது அடுத்த தலைவலி. மேஸ்திரி வாங்கினா கடைல அவருக்கு ஒரு கமிஷன் இருக்கும், பெயிண்ட் டப்பாக்குள்ள பெயிண்டருக்குன்னே காசா மாத்திக்கற டோக்கன் போட்டு அனுப்பறது ரொம்ப காலமா இருக்கற பழக்கம். எனக்கு அதுல கோவம் இல்ல, அலையறதுக்கு ஒரு கூலின்னு வெச்சுக்கலாம், ஆனா அவர் சொல்ற பிராண்டு டோக்கனுக்காகவா வேலைக்காகவான்னு நமக்கு தெரியாது இல்லையா. நான் லிஸ்ட் எழுதி வாங்கிட்டு நானே போய் பில்லோட வாங்கறேன். சிமெண்ட் மூட்டைல தயாரிச்ச வாரம், வருஷம் அச்சடிச்சிருக்கும், மூணு மாசம் தாண்டினத எடுக்காதீங்க, அதுக்கு மேல வலு கொறைய ஆரம்பிச்சிடும். சுடுதண்ணி லைனுக்கு சிபிவிசி, அதாவது சூடு தாங்கற பிளாஸ்டிக் குழாய், அதுக்கு ஒட்ற பசையும் தனி. மத்த குழாய்க்கு வெச்ச பசையே கைல இருக்குன்னு ஒருத்தர் அதையே இதுக்கும் தடவ பார்த்தாரு, நான் பார்த்ததால தப்பிச்சோம்.

அட்வான்ஸ் பத்தி ஒரே வார்த்தைதான், சாமானுக்கு குடுங்க, செய்யாத வேலைக்கு குடுக்காதீங்க. பாதி காச முன்னாடியே வாங்கினவருக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸ்தான் கண்ணுக்கு தெரியும். ஆனா செஞ்ச வேலைக்கு சனிக்கிழமை சாயங்காலம் காசு கைக்கு போயிடணும், அதுல இழுக்காதீங்க. நாம மேஸ்திரிக்கு லேட் பண்ணா அவர் சித்தாளுக்கு லேட் பண்ணுவாரு, திங்கக்கிழமை ஆள் வராது, அப்புறம் மேஸ்திரிய திட்டி என்ன பிரயோஜனம். ஒரு பத்து சதவீதம் மட்டும் தண்ணி விட்டு டெஸ்ட் பண்ணி முடியற வரைக்கும் நிறுத்தி வைங்க, அதையும் முதல் நாளே சொல்லிடுங்க.

வேலை முடிஞ்சப்புறம் கெடுக்கறது பெரும்பாலும் நாமதான். பூச்சு வேலை முடிச்சிட்டு கொத்தனார் போனதும் நம்ம வேலை ஆரம்பிக்குது, தண்ணி விடறது. பூச்சுக்கு கொறைஞ்சது ஏழு நாள் ஈரம் காயாம பார்த்துக்கணும், கான்கிரீட்டுன்னா இப்ப கடைல அதிகமா கிடைக்கற பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்டுக்கு பத்து நாளாவது வேணும், சித்திரை வெயில்ல இன்னும் கூட. ரெண்டு நாள் ஊத்திட்டு மறந்துட்டு அப்புறம் விரிசல் விட்டுடுச்சு, கொத்தனார் சரியில்லைன்னு சொல்றது நியாயமே இல்ல. பெயிண்டருக்கு அவசரம்னு ஈர செவுத்து மேலயே பட்டி வைக்க விடறதும் இதே கதைதான், ஆறு மாசத்துல உப்பி உதிரும், ஓதம்னு பேர் வெச்சிடுவோம்.

கரண்ட் வேலைல மட்டும் நான் கஞ்சத்தனம் பண்றதில்ல. "பிளம்பிங், கரண்ட், ஏசி எல்லாம் நானே பார்த்துப்பேன் சார்"னு சொல்ற ஆள்கிட்ட பல்பு மாத்த குடுக்கலாம், புது லைன் இழுக்க குடுக்காதீங்க. தமிழ்நாட்டுல வயர்மேனுக்கு மின் உரிம வாரியம் சர்ட்டிஃபிகேட் குடுக்குது, இருக்கான்னு கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பவர் பிளக்குக்கு 2.5, ஒன்றரை டன் ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியா 4 போட சொல்லுங்க, வயர் காயில் மேல பிரிண்ட் ஆகியிருக்கும், செவுத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி பாருங்க. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா லைன கட் பண்ற சுவிட்ச், இல்லாத வீடுன்னா மத்த ரிப்பேரெல்லாம் அப்புறம், முதல்ல அத போடுங்க. போட்டுட்டு அதுல இருக்கற டெஸ்ட் பட்டன அவர் முன்னாடியே அமுக்கி பாருங்க, சுவிட்ச் டக்குனு கீழ விழுந்து ஆஃப் ஆகணும்.

நேரமும் ஒரு விஷயம். மொட்டை மாடி ஒழுகறது ஐப்பசி மழைலதான் நமக்கு ஞாபகம் வரும், அப்ப ஊரே கூப்பிடும், கேட்ட ரேட் குடுத்தாலும் ஈரத்துல கெமிக்கல் ஒட்டாது. மாசி, பங்குனில மாடி நல்லா காஞ்சிருக்கும்போது பண்ணுங்க. பெயிண்ட் தீபாவளி, பொங்கலுக்கு முன்னாடி அடிக்கணும்னு அடம் புடிச்சா ரஷ்லதான் மாட்டுவீங்க. உள் வேலைன்னா ஆடில கூப்பிட்டு பாருங்க, புது வீட்டு வேலை கம்மியா இருக்கும், நல்ல மேஸ்திரிங்களே ஃப்ரீயா கிடைப்பாங்க.

பில்லு வாங்காம விடாதீங்க. கம்பெனி மூலமா வந்த வேலை சொதப்பினா 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் குடுக்கலாம், ஆனா கைல ஒரு காகிதமும் இல்லாம போய் என்னத்த காட்டறது.

கடைசியா ஒண்ணு, இத அந்த பிளம்பர்தான் சொல்லிக்குடுத்தாரு. செவுத்த மூடறதுக்கு முன்னாடி குழாய், வயர் போற பாதைய டேப் வெச்சு அளந்து, டேப் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கணுமாம். எடுத்து வீட்டு குரூப்ல போட்டு வெச்சிருந்தேன். போன வாரம் பாத்ரூம்ல கண்ணாடி மாட்ட ட்ரில்லோட ஒரு பையன் வந்தான், செவுத்துல மார்க் பண்ணிட்டு மெஷின தூக்கிட்டான். போட்டோவ தேடி காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "அண்ணே, சரியா குழாய் மேலயே வெச்சிருக்கேன்"னு சிரிச்சுக்கிட்டே மார்க்க அழிச்சிட்டு நாலு இன்ச் தள்ளி போட்டான்.