கோமாளி மீன் தொட்டிக்குச் சில்லர் வாங்கும் முன் ஒரு சிறு விசிறி

கத்திரி வெயிலில், கடல்நீரில் வாழும் கோமாளி மீனின் தொட்டி சூடேறினால், உடனே சில்லருக்கு (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) பணம் கொட்டாதீர்கள். மேல்மூடியை எடுத்துவிட்டு, கணினிக்குள் இருக்கும் வகையிலான 12 வோல்ட் சிறு விசிறியை நீர்ப்பரப்பை உரசிக் காற்று வீசும்படி சாய்த்துப் பொருத்துங்கள். சென்னையில் என் வீட்டுத் தொட்டியில் வெப்பம் 2 முதல் 3 டிகிரி வரை இறங்குகிறது. கோமாளி மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வரை சுகமானது. 30-ஐத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கும்.

நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. ஆனால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்: குறைந்த நீருக்கு ஈடாக உப்பு நீரை ஊற்றினால் உப்பின் செறிவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. உப்பு நீர், தொட்டி நீரை மாற்றும் நாளுக்கு மட்டும்தான்.

திறந்த தொட்டியிலிருந்து கோமாளி மீன் துள்ளி வெளியே விழுந்துவிடும். மேலே கட்டாயம் வலை போடுங்கள்.

காற்றே ஈரமாகிப் புழுங்கும் நாட்களில் இந்த உத்தி பெரிதாகப் பலன் தராது. அப்போது அறையின் ஏ.சி.தான் கைகொடுக்கும். வெப்பம் தாங்காத பவளங்களும் வளர்ப்பவர்களுக்குச் சில்லர் தேவைதான்.