கடற்கரைப் பக்கம் இரும்புக் கொட்டகையா? சீற் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

மட்டக்களப்பு கல்லடியில், கடலிலிருந்து 300 மீற்றர் தூரத்தில் ஒரு களஞ்சியக் கொட்டகை போட்டேன். இரும்புச் சட்டகம் போடுவதை விட்டுவிடுகிறேன், அதை வெல்டிங் செய்பவர் பார்த்துக்கொள்வார். கூரைக்கும் சுவருக்கும் போடும் சீற்றை (உலோகத் தகட்டை) தெரிவதும் பொருத்துவதும் மட்டும் இங்கே.

முதலில் பூச்சு. அலுமினியம் 55 வீதம், மீதி பெரும்பாலும் நாகம் (துத்தநாகம்) கலந்த பூச்சுள்ள சீற்றைக் கேளுங்கள். பூச்சு ‘ஏஇசட் 150’ ஆக இருக்கட்டும். இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 150 கிராம் என்று அர்த்தம். கடலிலிருந்து எவ்வளவு தூரம் வரை உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நான் பிழைவிட்டது சுவரில். கூரைக்கு நல்ல சீற் போட்டுவிட்டு, சுவருக்கு மலிவானது போதும் என்று நினைத்தேன். மூன்றாம் வருடமே சுவர் துருப்பிடித்தது. அதுவும் இறவாரத்துக்குக் கீழே, மழையே படாத இடத்தில்! கூரையில் படியும் உப்பை மாரி மழை கழுவிவிடுகிறது. இறவாரத்தின் கீழ் அது அப்படியே தங்கி, இரவு ஈரத்தில் ஊறிக்கொண்டே இருக்கிறது. விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆகவே சுவருக்கும் கூரையின் அதே தரம். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள்.

அடுத்தது தடிப்பு. ‘0.47’ என்றால் உருக்கு மட்டுமா, பூச்சும் சேர்த்தா என்று கேளுங்கள். 0.42 மில்லிமீற்றர் உருக்கில் அலுமினிய-நாகப் பூச்சு ஏறினால் கிட்டத்தட்ட 0.47 வரும். கடைக்கு, தடிப்பை அளக்கும் மைக்ரோமீற்றர் கருவியைக் கொண்டுபோங்கள், வேர்ணியர் அளவுகோலை நான் நம்புவதில்லை.

கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் பர்லின் (சீற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இடைவெளியைக் குறையுங்கள், காற்று அங்கேதான் அதிகமாக மேலே இழுக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி கண்ட ஊர் இது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், எதிர் முனையில் சீற்றை அடுக்கத் தொடங்கிக் காற்று வரும் பக்கமாக வாருங்கள். அப்போது மேலடுக்கின் விளிம்பில் காற்று நுழையாது.

ஸ்குரூ கூரையில் சீற் நெளிவின் மேட்டில், சுவரில் அதன் பள்ளத்தில். றப்பர் வொஷர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். குறியிட மார்க்கர் பேனைதான், பென்சில் வேண்டாம். அதன் கரி பட்ட கோட்டிலேயே அரிப்புத் தொடங்கும்.

பிற்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒருவர், புதுச் சீற்றில் ஒரே மாதத்தில் செம்புள்ளிகள் வந்ததாக எழுதினார். கேட்டால், கிரைண்டரால் வெட்டியிருக்கிறார்கள். தீப்பொறி பூச்சைச் சுட்டுவிடும், தெறிக்கும் இரும்புத்தூள் ஒட்டித் துருவாகும். தகரக் கத்தரியால் வெட்டுங்கள். துளையிட்ட தூளை அன்று மாலையே மென்மையான தும்புத்தடியால் கூட்டிவிடுங்கள்.