போர்ட் பிளேரிலிருந்து அகத்திக்கு: தூரமும் நேரமும் கணக்கிடும் முறை

பெங்களூர் அல்சூரில் டிக்கெட் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். "அந்தமானிலிருந்து லட்சத்தீவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யாராவது கேட்டால், ஒரு தாளை எடுத்து இரண்டு கணக்கு போட்டுக் காட்டுவேன். தூரக் கணக்கு வேறு, நேரக் கணக்கு வேறு. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது.

முதலில் தூரம். போர்ட் பிளேர் விமான நிலையம் 11.64 பாகை வடக்கு, 92.73 கிழக்கு. லட்சத்தீவின் அகத்தி 10.82 வடக்கு, 72.18 கிழக்கு. கிழக்கு மேற்கு வித்தியாசம் 20.55 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர். வடக்கே போகப் போக அது சுருங்கும் என்பதால், நடு அட்சரேகையான 11.23-இன் கொசைன், அதாவது 0.981-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 2,242 கிலோமீட்டர் வரும். தெற்கு வடக்காக இருக்கும் 91 கிலோமீட்டரையும் பிதாகரஸ் முறையில் சேர்த்தால் 2,243. மொபைல் கால்குலேட்டரே போதும். ஆனால் சென்னை–லண்டன் மாதிரி வடக்கே ஏறும் நீண்ட பாதைக்கு இந்தக் குறுக்குவழி சரிவராது. அதற்கு கூகுள் எர்த் அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.

இப்போது நேரம். 2,243-ஐ ஜெட் வேகத்தால் வகுத்து மூன்று மணி நேரத்துக்குள் என்று சொல்லிவிடாதீர்கள். நேரடி விமானமே கிடையாது. அகத்தி ஓடுதளம் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர்தான். அங்கே இறங்குவது ஏடிஆர் போன்ற சிறிய விமானம். பெரிய ஜெட்டுக்கு அந்த நீளம் போதாது. அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதில்தான் இருக்கிறது. போர்ட் பிளேர்–பெங்களூர் 1,640, பெங்களூர்–அகத்தி சுமார் 657. கூட்டினால் 2,300-க்குள்தான். நேர்க்கோட்டைவிட அறுபது கிலோமீட்டர்கூட அதிகமில்லை! நம் ஊர் அந்தப் பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜெட்டுக்கு மணிக்கு 800, ஏடிஆருக்கு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுதளத்தில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் கட்டத்துக்கு அரை மணி கூட்டுங்கள். முதல் கட்டம் இரண்டரை மணிக்குச் சற்று மேல், இரண்டாவது ஒன்றே முக்கால் மணிக்குச் சற்று மேல். ஆக, வானத்தில் நாலரை மணிக்குள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். மேற்கே வரும் ஜெட்டுக்குக் கொஞ்சம் லாபம். இரண்டு தீவிலும் ஒரே இந்திய நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டாம். சூரியன் மட்டும் அகத்தியில் சுமார் 82 நிமிடம் பிந்தும்.

அப்புறம் காத்திருப்பு. அதுதான் பயணத்தின் பெரும்பகுதியை விழுங்கும். இரண்டு விமானமும் ஒரே நாளில் பொருந்தாவிட்டால் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி பக்கமே தங்கிவிடுங்கள். மறுநாள் காலை நகர நெரிசலைத் தாண்டி வர வேண்டியிருக்காது. முடிந்தவரை இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்தப் பணம் போய்விடும். லட்சத்தீவுக்கு வெளியூர்க்காரர்களுக்கு நுழைவு பெர்மிட் வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்து, பெர்மிட் தேதியும் டிக்கெட் தேதியும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.