அமெரிக்கக் கால்பந்து 1996-ல் பிறக்கவில்லை: பழைய லீகுகளைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

மெஸ்ஸி 2023-ல் இன்டர் மயாமியில் சேர்ந்தபோது, கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாத ஊருக்கு அவர் பாடம் நடத்தப் போகிறார் என்கிற தோரணையில் பலர் எழுதினார்கள். 2007-ல் பெக்கம் லாஸ் ஏஞ்சலஸ் போனபோதும் இதே பேச்சுதான். 1975-ல் பெலே நியூயார்க் காஸ்மாஸில் சேர்ந்த கதையைச் சொல்கிறவர்களும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பெலே போய் இறங்குவதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு கோப்பைக்கு இறுதி ஆட்டம் நடந்து முடிந்துவிட்டது. 1920-களில், எங்கள் ஆட்டக்காரர்களை அமெரிக்கக்காரன் காசைக் காட்டிக் கூட்டிப் போகிறான் என்று ஸ்காட்லாந்துக் கிளப்புகளே புலம்பின.

சரி, எல்லாம் 1996-ல் எம்.எல்.எஸ். (மேஜர் லீக் சாக்கர், மெஸ்ஸி ஆடப் போன அமெரிக்கக் கால்பந்து லீக்) வந்த பிறகுதான் என்று நினைப்பவர்களை விட்டுவிடுவோம். அதற்கு முந்தைய கதையைத் தேடிப் போகிறவர்களுக்கும் கால் இடறுகிற இடங்கள் இருக்கின்றன.

கல்லூரியில் தொடங்காதீர்கள்

பல கட்டுரைகள் 1869 நவம்பர் 6-ல் தொடங்கும். நியூஜெர்சியில் உள்ள நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளின் அணிகள் மோதின. ரட்கர்ஸ் 6-4 என வென்றது. தலைக்கவசம் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் பிறந்த நாளாக இதைக் கொண்டாடுகிறார்கள். கால்பந்துப் பிரியர்களோ, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று விதி இருந்ததே, அப்படியானால் இது எங்கள் ஆட்டம் என்று வாதாடுகிறார்கள். பக்கத்துக்கு 25 பேர் இறங்கிய ஆட்டம் அது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவோ எறியவோ கூடாது, கையால் தட்டலாம். லண்டனில் 1863-ல் எழுதிய விதிகளை ஒட்டி ஆடினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த 1863 விதிகளிலேயே பந்தைக் கையால் பிடிக்க இடம் இருந்தது. ஆகவே அன்று நடந்தது இன்றைய கால்பந்தும் இல்லை, இன்றைய அமெரிக்கன் ஃபுட்பாலும் இல்லை. கால்பந்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

பாஸ்டன் காமன் பூங்காவில் ஒனைடா கிளப்புக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1862-ல் பள்ளிப் பையன்கள் தொடங்கிய கிளப். காலும் கையும் கலந்த ஓர் ஆட்டத்தைத்தான் அவர்கள் ஆடினார்கள். கல்லை நட்டது 1925-ல், அதுவும் உயிரோடு இருந்த பழைய உறுப்பினர்களே. அறுபது வருஷம் கழித்துத் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட கல்லை வரலாற்றுச் சான்றாக எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

1873-ல் யேல், பிரின்ஸ்டன், ரட்கர்ஸ், கொலம்பியா நான்கும் கால்பந்துச் சாயலில் விதி எழுதியபோது ஹார்வர்டு வரவில்லை. அது அடுத்த ஆண்டே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு ஆடி ரக்பியின் பக்கம் சாய்ந்தது. 1876-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிப் பேசியபோது மற்றவையும் பின்னாலேயே போய்விட்டன. கல்லூரிகளை மட்டும் பார்க்கிறவர், அமெரிக்கா அன்றே கால்பந்தைக் கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார். பணக்காரப் பையன்கள் கைவிட்டார்கள் என்று சொல்வதே சரி.

நூல் ஆலைகளில் தேடுங்கள்

நியூஜெர்சியில் பசேயிக் ஆற்றங்கரையில் நியூவர்க், கேர்னி என்று ஊர்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கிளார்க் குடும்பம் அங்கே தையல் நூல் ஆலை வைத்தது. ஆலையோடு ஸ்காட்லாந்துத் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். ஆலை அணியின் பெயர் ஓ.என்.டி. ஏதோ ரகசியக் குறிப்பு என்று நினைக்க வேண்டாம். 'அவர் நியூ த்ரெட்', அதாவது 'எங்கள் புது நூல்' என்று நூல்கண்டு லேபிளில் அச்சிட்ட பிராண்டின் சுருக்கம் அது. ஜெர்சியில் கம்பெனி விளம்பரம் வந்ததைப் புதுக் கலாச்சாரம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த அணியை நினைத்துக்கொள்ளலாம். இவர்களின் பெயரே விளம்பரம்தான்.

1884-ல் நியூவர்க்கில் அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன் உருவானது. அது நடத்திய அமெரிக்கன் கோப்பையை 1885, 1886, 1887 மூன்று ஆண்டுகளும் ஓ.என்.டி. வாங்கியது. அப்புறம் கோப்பை மாசச்சூசெட்ஸின் ஃபால் ரிவருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது: 1888 முதல் 1892 வரை ஐந்து ஆண்டும் அந்த ஒரே ஊரின் அணிகள்தான் வென்றன. ரோவர்ஸ் இரண்டு முறை, ஒலிம்பிக்ஸ் ஒரு முறை, ஈஸ்ட் எண்ட்ஸ் இரண்டு முறை. பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அது; இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த நெசவாளர்கள் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். 1893-ல் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் அணிக்கு முறை வந்தது. அந்த ஊரில் ஜே. & பி. கோட்ஸ் நூல் ஆலை இருந்தது. நம் மதுரா கோட்ஸ் என்ற பெயரில் இருக்கும் அதே கோட்ஸ்தான், அதுவும் பெய்ஸ்லிதான். கோட்ஸ் ஆலை அணி 1922-23 பருவத்தில் அமெரிக்கன் சாக்கர் லீகையே வென்றது (சாக்கர் என்றால் அமெரிக்கர் வாயில் கால்பந்து).

செயின்ட் லூயிஸின் கதை வேறு. அங்கே கால்பந்து ஆலையைச் சுற்றி வளரவில்லை, கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளை, அதாவது கோயில் வட்டாரங்களைச் சுற்றி வளர்ந்தது. அந்த ஊர் அணிகளில் உள்ளூர்ப் பையன்களே அதிகம். அமெரிக்கக் கால்பந்து முழுக்கக் குடியேறிகளின் ஆட்டம் என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் செயின்ட் லூயிஸை மறந்துவிடுகிறார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் அசோசியேஷன் என்று பழைய செய்தித்தாளில் பார்த்ததும் தலைக்கவச ஆட்டம் என்று தள்ளிவிட்டால் முதல் முப்பது ஆண்டு வரலாறு கையை விட்டுப் போய்விடும். 1913-ல் அமைந்த தேசியச் சங்கத்தின் பெயரும் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன்தான். அதில் சாக்கர் என்ற சொல் 1945-ல்தான் நுழைந்தது.

அமெரிக்கன் கோப்பை வேறு, நேஷனல் சேலஞ்ச் கோப்பை வேறு. முன்னது பெயரில்தான் அமெரிக்கா முழுவதற்கும். நடைமுறையில் வடகிழக்குக் கடற்கரையைத் தாண்டியது குறைவு. 1924-ல் நின்றுபோனது. பின்னது 1913-14-ல் தொடங்கியது, இன்றைய யு.எஸ். ஓப்பன் கோப்பை. அதன் முதல் இறுதி ஆட்டம் 1914 மே மாதம் பாட்டக்கெட்டின் கோட்ஸ் மைதானத்தில் நடந்தது. புரூக்ளின் ஃபீல்டு கிளப், புரூக்ளின் செல்டிக்கை 2-1 என வீழ்த்தியது. கோப்பையைக் கொடுத்தவர் விஸ்கி வியாபாரி தாமஸ் டூவர்.

அமெரிக்கன் சாக்கர் லீக் என்ற பெயரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட லீகுகள் உண்டு. 1921-ல் எட்டு அணிகளோடு தொடங்கி 1933-ல் சரிந்தது ஒன்று. அதன் சாம்பலில் எழுந்து 1983 வரை ஓடியது இன்னொன்று. முதலாவதன் புகழை இரண்டாவதற்கு ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு சிக்கல் 1931. ஃபால் ரிவர் மார்க்ஸ்மென் கிளப் பருவத்தின் நடுவிலேயே நியூயார்க்குக்கு இடம் மாறி, நியூயார்க் யாங்கீஸ் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு சேலஞ்ச் கோப்பையை வென்ற அணி அதுதான். ஆனால் பதிவேட்டில் வெற்றியாளர் ஃபால் ரிவர் என்றே இருக்கும், ஏனென்றால் போட்டியில் நுழைந்தது அந்தப் பெயரில்.

1894: ரசிகர்கள் வராததுதான் காரணமா?

அமெரிக்காவின் முதல் தொழில்முறைக் கால்பந்து லீக் 1894 அக்டோபரில் தொடங்கி மூன்றே வாரத்தில் மூடப்பட்டது. அமெரிக்கர்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காது என்பதற்கு இதைத்தான் பலரும் சாட்சிக்கு இழுப்பார்கள். யார் நடத்தினார்கள் என்று பாருங்கள். பேஸ்பால் நேஷனல் லீக் முதலாளிகள். பேஸ்பால் பருவம் முடிந்து மைதானம் சும்மா கிடக்கிறதே, அதில் நாலு காசு பார்க்கலாம் என்று பாஸ்டன், புரூக்ளின், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன் ஆகிய ஆறு ஊர்களில் அணி போட்டார்கள். அணிகளுக்குப் பேஸ்பால் அணிகளின் பெயர்; நிர்வாகத்துக்குப் பேஸ்பால் ஆட்கள். ஆட்டங்களை வார நாள்களில் வைத்தார்கள். கால்பந்தை நேசித்த ஆலைத் தொழிலாளி அப்போது தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். அவன் எப்படி டிக்கெட் வாங்குவான்? அவன் வாழ்ந்த ஃபால் ரிவர், கேர்னி, பாட்டக்கெட் எதிலும் அணி இல்லை.

பால்டிமோர் இங்கிலாந்திலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து வாஷிங்டனை 10-1 என அடித்துத் துவைத்ததும், வெளிநாட்டு ஆள் இறக்குமதி பற்றி அரசு விசாரிக்கத் தொடங்கியது. அதே நேரம் பேஸ்பாலில் போட்டி லீக் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு கிளம்ப, முதலாளிகள் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் கால்பந்துக்கு யாரும் ஒரு நியாயமான வாய்ப்பு கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1904 ஒலிம்பிக் பதக்கப் பட்டியலையும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெள்ளி, வெண்கலம் என்று இருக்கும். போட்டி நடந்தது செயின்ட் லூயிஸில், மொத்தம் மூன்று அணிகள், அதில் இரண்டு உள்ளூர். தங்கம் வென்றது கனடாவின் கால்ட் கிளப். தேசிய அணி எதுவும் அங்கே ஆடவில்லை. 1885-ல் நியூவர்க் பக்கம் கனடாவிடம் 1-0 எனத் தோற்ற ஆட்டத்தையும் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்கத் தேசிய அணியின் முதல் ஆட்டம் 1916 ஆகஸ்ட் 20-ல் ஸ்டாக்ஹோமில். ஸ்வீடனை 3-2 என வென்றது.

செத்தது எதனால்?

1920-களைப் பற்றிப் படித்தால்தான் இழப்பின் அளவு புரியும். பெத்லஹேம் ஸ்டீல் என்ற எஃகு ஆலை அணி 1915 முதல் 1926 வரை ஐந்து முறை சேலஞ்ச் கோப்பையை வாங்கியது. அதன் ஆர்ச்சி ஸ்டார்க் 1924-25 பருவத்தில் மட்டும் லீகில் 67 கோல் அடித்தார். ஃபால் ரிவரில் சாம் மார்க் என்ற முதலாளி தன் பெயரையே வைத்து மார்க்ஸ்மென் அணியை நடத்தினார். மாசச்சூசெட்ஸ் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போட்டுத் தொழில்முறை ஆட்டம் நடத்த முடியாது. மனிதர் அசரவில்லை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ரோட் ஐலண்டின் நார்த் டிவர்ட்டனில் கால்பந்துக்கென்றே ஸ்டேடியம் கட்டினார். ஃபால் ரிவர்க்காரர்கள் ஞாயிறுதோறும் எல்லை தாண்டிப் போய் ஆட்டம் பார்த்தார்கள். 1926 மே 1-ல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில், வியன்னாவின் யூத அணியான ஹகோவாவின் ஆட்டத்துக்குச் சுமார் 46,000 பேர் வந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, காஸ்மாஸ் காலத்தில்தான் அந்த எண்ணிக்கையை மிஞ்சினார்கள்.

இவ்வளவும் எப்படிக் காணாமல் போனது என்றால், பொருளாதாரப் பெருமந்தம் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். பாதிக் காரணம்தான் அது. மீதியைத் தாங்களே செய்துகொண்டார்கள். சேலஞ்ச் கோப்பை ஆட்டங்கள் லீக் அட்டவணையைக் குலைக்கின்றன, வருமானமும் கெடுகிறது என்று 1928-ல் அமெரிக்கன் சாக்கர் லீக் முதலாளிகள் கோப்பையைப் புறக்கணிக்க முடிவு செய்தார்கள். பெத்லஹேம் உள்ளிட்ட மூன்று கிளப்புகள் மறுத்துக் கோப்பையில் கலந்துகொண்டன. லீக் அவற்றை நீக்கியது. தேசியச் சங்கம் லீகையே நீக்கியது. நீக்கப்பட்ட கிளப்புகளை வைத்து ஈஸ்டர்ன் சாக்கர் லீக் என்று எதிர் லீக் தொடங்கியது. ஒரே ஊரில் இரண்டு லீக், இரண்டு பக்கமும் நஷ்டம். ஒருவழியாகச் சமாதானம் ஆனது 1929 அக்டோபரில். அந்த மாதக் கடைசியிலேயே வால் ஸ்ட்ரீட் சரிந்தது. 1930-ல் பெத்லஹேம் ஸ்டீல் கலைக்கப்பட்டது. உடம்பில் தெம்பு இருந்திருந்தால் மந்தத்தைத் தாங்கியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டையில் தெம்பை இழந்த பிறகுதான் மந்தம் வந்தது என்ற வரிசையை மாற்றி எழுதக் கூடாது.

1930 அணி வாடகை ஆட்கள் இல்லை

முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதிவரை போனது. பெல்ஜியத்தையும் பராகுவேயையும் தலா 3-0 என வென்று, அர்ஜென்டினாவிடம் 6-1 எனத் தோற்றது. பிரிட்டனின் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து ஜெயித்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். 16 பேரில் பிரிட்டனில் பிறந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதிலேயே அமெரிக்கா வந்து அங்கே ஆட்டம் தேறியவர்கள். இங்கிலாந்தில் தொழில்முறையாக ஆடிவிட்டு வந்தவர் ஜார்ஜ் மூர்ஹவுஸ் ஒருவர்தான்; அதுவும் டிரான்மியர் ரோவர்ஸுக்குச் சில ஆட்டங்கள்.

பராகுவேக்கு எதிரான மூன்று கோலையும் அடித்த பெர்ட் பேட்டனாட் ஃபால் ரிவரில் பிறந்தவர். உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அது. ஒரு கோலைச் சில பதிவுகள் வேறொருவர் கணக்கில் எழுதியிருந்ததால், முதல் ஹாட்ரிக் பெருமை நெடுநாள் அர்ஜென்டினாவின் ஸ்டாபிலேவுக்குப் போயிருந்தது. ஃபிஃபா 2006-ல்தான் திருத்தியது. பழைய விளையாட்டுப் புள்ளிவிவரப் புத்தகத்தை வைத்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இன்னும் தவறுகிறார்கள்.

பெண்கள் ஆட்டத்தை 1972-ல் கல்விச் சமத்துவச் சட்டம் வந்த பிறகு தொடங்குவதும் அப்படி ஒரு பழக்கம். 1922-ல் இங்கிலாந்தின் டிக் கெர் லேடீஸ் அணி அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது; எதிர்த்து ஆடப் பெண்கள் அணி கிடைக்காமல் ஆண்கள் அணிகளோடு ஆடி, சில ஆட்டங்களில் வெல்லவும் செய்தது. 1950-ல் அதே செயின்ட் லூயிஸில், ஒரு பங்குத்தந்தையின் முயற்சியால், கிரெய்க் கிளப் என்ற பெயரில் பெண்களுக்கு நான்கு அணி லீக் ஒன்று இரண்டு பருவம் நடந்தது.