சொந்த லாரி எடுக்கும் டிரைவர்கள் கணக்கில் விடும் தவறுகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பத்துப் பதினைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த டிரைவரிடம் பேசிப் பாருங்கள். ஒரு வண்டியாவது தன் பேரில் ஓட வேண்டும் என்ற ஆசை இருக்கும். ஓனர் கம் டிரைவராக ஆரம்பித்து நாலைந்து வண்டி வைத்தவர்கள் அங்கே உண்டு. முதல் வருடத்திலேயே டியூ, அதாவது கடனின் மாதத் தவணை, கட்ட முடியாமல் வண்டியை ஃபைனான்ஸில் விட்டவர்களும் உண்டு. அப்படி விட்டவர்களில் பலருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை, லோடு கிடைக்காமலும் இல்லை. சேர்த்து வைத்த காசு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, வெறுங்கையோடு முதல் லோடு ஏற்றியதுதான் அவர்கள் செய்த தவறு.

ஒரு டிரிப்பை எடுத்துக்கொள்வோம். பத்து வீல் வண்டி நாமக்கல்லில் இருந்து மும்பைக்குப் போகிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 300 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 27,600 ரூபாய். புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டிக்கு, புகையைச் சுத்தமாக்க ஊற்றும் டெஃப் திரவம் தனிச் செலவு. ஃபாஸ்டேக்கில் சுங்கப் பணம், ஏற்றுகூலி, சாப்பாட்டுப் படி, புரோக்கர் கமிஷன் என்று மற்றவையும் கிளம்பும்போதே கையை விட்டுப் போகும். வாடகையில் அட்வான்ஸ் வரும், சரி. ஆனால் பாக்கி எப்போது வரும்? லோடு இறக்கி, கையெழுத்தான ரசீது லோடு கொடுத்த பார்ட்டி கைக்குப் போன பிறகு. அது பத்து நாளும் ஆகலாம், ஒன்றரை மாதமும் ஆகலாம். நீங்கள் மும்பையில் ரிட்டன் லோடுக்குக் காத்துக் கிடக்கும்போது டியூ தேதி வந்து நிற்கும். அந்த நெருக்கடியில் கிடைத்த வாடகைக்கு லோடு ஏற்றுவீர்கள், அல்லது கைமாற்று வாங்குவீர்கள். இரண்டுமே அடுத்த மாதத்தை இன்னும் இறுக்கும்.

என் கணக்கு இது: மூன்று டியூ, இரண்டு டிரிப் டீசல், ஒரு ஜோடி டயர் விலை. இவ்வளவும் முன்பணம் போகக் கையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் சம்பளத்துக்கு ஓட்டுவது மேல்.

வண்டி விலையை மட்டும் பார்த்து, அது ரோட்டுக்கு வரும் வரை ஆகும் செலவை விட்டுவிடுவது அடுத்த தவறு. பாடி கட்டுவதற்கு நாமக்கல் பட்டறைகள் பேர் போனவை. ஆனால் பாடி இல்லாத வெறும் வண்டியான சேசிஸ் பட்டறையில் நிற்கும் வாரங்களில் வருமானம் கிடையாது, வட்டி மட்டும் ஓடும். அப்புறம் பதிவு, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, காலாண்டு வரி. வெளி மாநிலங்களுக்கு ஓட்ட வேண்டிய நேஷனல் பர்மிட்டுக்கு வருடம் 16,500 ரூபாய் கூட்டுக் கட்டணமும் 1,000 ரூபாய் அங்கீகாரக் கட்டணமும் ஆகும். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, 2022 ஜூனில் வந்த விகிதப்படி, 20 முதல் 40 டன் வரையுள்ள வண்டிக்கு 43,950 ரூபாய். சொந்த சேதத்துக்கான பிரீமியம் அதற்கு மேல். இதெல்லாம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வராது, மொத்தமாக ஒரே நாளில் வந்து நிற்கும்.

வட்டியில் ஏமாறுவது இன்னொன்று. “எட்டு பர்சென்ட் தான்” என்றால் அது ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். 15 லட்சம் கடன், ஃபிளாட் 8 சதவீதம், நான்கு வருடம் என்றால் வட்டி 4,80,000. டியூ 41,250. நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 15 லட்சத்துக்கும் கணக்காகிறது. குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அது 14 சதவீதத்துக்கு மேல். இரண்டு இடத்தில் விசாரிக்கும்போது இரண்டையும் ஒரே முறையில் கணக்குப் போட்டுக் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

செலவைக் குறைக்கப் பழைய வண்டி எடுப்பவர்கள் வயதைக் கவனிப்பதில்லை. இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம், அதற்கு மேல் ஆக்சில் உள்ள மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம் தாண்டினால் நேஷனல் பர்மிட் கிடைக்காது. எட்டு வருடத்துக்கு மேல் போனால் எஃப்.சி. வருடாவருடம். ஆர்.சி. புக்கில் பழைய ஃபைனான்ஸ் ரத்தாகியிருக்கிறதா, வரி பாக்கியும் செலான் பாக்கியும் இருக்கிறதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பேர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, வண்டி எங்காவது இடித்த பிறகு அலைகிறார்கள்.

டியூ நெருக்கும்போது ஓவர்லோடு ஏற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். பத்து வீல் வண்டிக்கு 2018இல் உயர்த்திய வரம்பு, வண்டி எடையும் சேர்த்து, 28.5 டன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் அதிகம் என்றால் 26,000 ரூபாய், பாரத்தை இறக்கும் செலவும் உங்களுடையது. அந்த மூன்று டன்னுக்குக் கிடைக்கும் வாடகை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

தானே ஓட்டுவதால் டிரைவர் சம்பளம் மிச்சம் என்று எழுதுகிறார்கள். அதைச் செலவாகவே எழுதுங்கள். காய்ச்சலில் படுத்தால் வண்டியை வேறொருவர்தான் ஓட்ட வேண்டும்.

கடைசியாக, பான் கார்டு. அதை வாடகை தருபவரிடம் கொடுக்காவிட்டால் அவர் வாடகையில் 20 சதவீதம் வரிப் பிடித்தம் செய்யலாம். பத்து வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியையும் பான் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் பிடித்தமே கிடையாது. டீசலுக்குப் புரட்ட வேண்டிய காசை ஒரு தாள் எழுதாததால் முடக்கிவிடாதீர்கள். சிறு உரிமையாளர்களுக்குக் கணக்குப் புத்தகம் இல்லாமலே வருமான வரி கட்டும் வழியும் இருக்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டலாம். 28.5 டன் வண்டிக்கு அது வருடம் 3,42,000 ரூபாய். முதல் வருடத்திலிருந்தே வருமான வரி ரிட்டன் தாக்கல் செய்து வையுங்கள். இரண்டாவது வண்டிக்கு வங்கிக்குப் போகும்போது அந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.