கேம்பர் வேனில் ஜி.பி.எஸ்.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வசதியுள்ள கேம்பர் வேனுக்கு, வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது திரை எத்தனை அங்குலம் என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைப் பதிந்தால் அதற்கேற்றபடி வழி சொல்லுமா? காருக்கான கருவிகளும், கைபேசியில் பலரும் பயன்படுத்தும் வரைபடச் செயலிகளும் நாம் காரில் போகிறோம் என்றே எண்ணிக்கொள்கின்றன. 2.8 மீட்டர் உயர வேனை 2.5 மீட்டர் பாலத்தடிக்கு அனுப்ப அவை தயங்குவதில்லை. கார்மின், டாம்டாம் ஆகிய நிறுவனங்கள் கேம்பர்களுக்கென்றே தனி மாடல்கள் விற்பது இதனால்தான். விலை கூடுதல், ஆனால் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

சரியான மாடலை வாங்கிவிட்டு, கையேட்டில் அச்சிட்டிருக்கும் உயரத்தை அப்படியே பதிந்துவிடுவது அடுத்த தவறு. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பின்னாளில் கூரைமேல் ஏறிய ஏ.சி., சோலார் பேனல், டிஷ் ஆன்டெனா எதுவும் அந்தக் கணக்கில் இராது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கூரையில் ஆக உயரமான பொருளின்மேல் நீளமான சட்டம் ஒன்றைக் குறுக்கே வையுங்கள். ரசமட்டம் வைத்து அது சாயாமல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, வெளியே நீட்டியிருக்கும் முனையின் அடிப்பக்கத்திலிருந்து தரைவரை டேப்பால் அளக்கவும். தண்ணீர்த் தொட்டியும் அலமாரிகளும் காலியாக இருக்கும்போது அளப்பது நல்லது. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் எழும்பி வண்டி சற்று உயர்ந்துவிடும். வந்த அளவோடு பத்து சென்டிமீட்டர் கூட்டிப் பதியலாம். அகலத்தில் பக்கக் கண்ணாடிகளையும் நீளத்தில் பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டையும் மறக்க வேண்டாம். எடைக்குக் காலி வண்டியின் எடையைப் போடாமல், அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் போடவும்.

இவ்வளவு செய்தாலும் எல்லாத் தாழ்ந்த பாலங்களும் வரைபடத்தில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சாலையோரப் பலகையின் சொல்லே இறுதி. அதையும் பாராமல் போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் 3.56 மீட்டர் உயரத்தில் இருந்த ரயில் பாலம், எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் இருந்தும், லாரிக் கூரைகளைப் பிய்த்தே பெயர் வாங்கியது. 2019இல் பாலத்தையே உயர்த்தினார்கள். மோதல்கள் அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. வண்டியின் உயரத்தை மீட்டரிலும் அடியிலும் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

பொருத்தும்போது பலர் ஒயரை உள்ளே இழுத்து மூடிய பிறகே சிக்னலைச் சோதிக்கிறார்கள். சில முன்கண்ணாடிகளில் வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். செயற்கைக்கோளின் பலவீனமான சிக்னல் அதைத் தாண்டி வரத் திணறும். கருவியைத் தற்காலிகமாக வைத்து, திறந்த வெளியில் சில நிமிடம் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். சிக்னல் நிலைக்கவில்லை என்றால் வெளி ஆன்டெனா தேவைப்படும். பிளாஸ்டிக் டேஷ்போர்டுக்கு அடியில் ஆன்டெனாவை மறைத்து வைக்கலாம். உலோகத் தகட்டுக்கு அடியில் கூடாது. ஏர்பேக் விரியும் பாதையில் கருவியை மாட்டினால் விபத்து நேரத்தில் அது முகத்தை நோக்கிப் பறந்து வரும். சாலையை மறைக்காத, சாய்ந்த இருக்கையிலிருந்து முதுகை எடுக்காமலே கை எட்டுகிற இடம்தான் வேண்டும்.

மின்சாரம் பற்றி இரண்டு சொல். நேரடி இணைப்பு கொடுத்தால் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வரும் சாக்கெட்டா என்று பாருங்கள். வருமானால், கருவியை அதிலேயே விட்டுவைத்தால் பல நாள் நிறுத்தத்துக்குப் பிறகு எஞ்சின் கிளம்பாமல் போகலாம். மலிவான சார்ஜர்கள் எழுப்பும் மின் இரைச்சல் ரேடியோவையும் சில சமயம் ஜி.பி.எஸ்.ஸையும் கெடுக்கும். டேஷ்போர்டில் பதிக்கும் திரைகளில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் வீடியோ ஓடும்; வண்டி ஓடும்போதும் பார்ப்பதற்காக ஹேண்ட்பிரேக் ஒயரை ஏமாற்றி இணைத்துத் தருகிறார்கள். அது வேண்டவே வேண்டாம்.

கைபேசிதான் துணை என்றால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் இடத்தை அறிய இணையம் தேவையில்லை. வரைபடத்தைத் திரையில் கொண்டுவரத்தான் தேவை. 'மிகக் குறுகிய வழி' என்ற தெரிவை அணைத்துவிடுங்கள். நான்கு கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க அது மண்சாலையைக் காட்டும்.

இரவு தங்கும் இடங்கள் பலவற்றுக்கு முகவரி இருக்காது, அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் தருவார்கள். அங்கேயும் சறுக்கல் உண்டு. ஒரு பாகை (டிகிரி) என்பது 60 கலை (மினிட்). 10 பாகை 50 கலை என்பதை 10.50 என்று பதிந்தால், கருவி அதை 10 பாகை 30 கலை என்று எடுத்துக்கொள்ளும். அட்சரேகையில் இந்த 20 கலை வித்தியாசம் சுமார் 37 கிலோமீட்டர். பதிந்ததும் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.