டென்னிஸ் எல்போ: வலியை அடக்கி, கையை மறுபடி பழக்குவது எப்படி?

முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கினால், துணியைப் பிழிந்தால், கதவுக் குமிழைத் திருகினால் சுருக்கென்று குத்துகிறது. கையைச் சும்மா வைத்திருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இப்படி இருந்தால் அது பெரும்பாலும் டென்னிஸ் எல்போதான். டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையே என்று யோசிக்க வேண்டாம். எனக்கும் அப்படித்தான் வந்தது. இந்த வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஆட்டம் ஆடாதவர்களே. நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர்கள், ஸ்பேனர் திருகுபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், சமையல் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் வரும். 35 முதல் 55 வயதுக்குள் அதிகம். அதுவும் அதிகம் புழங்கும் கையில்.

எனக்கு இப்போது சரியாகிவிட்டது. என் கையைத் தேற்றிய வழியை, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றதையும் சேர்த்து, வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள் முன்கையின் மேற்புறமாக ஓடி, முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையில் தசைநாணாகச் சேர்கின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிடாமல் தாங்குவது இந்தத் தசைகள்தான். அதனால்தான் வேலை செய்வது விரல்கள் என்றாலும் வலி முழங்கையில் தெரிகிறது.

நாள்பட்ட வலியில் அந்தத் தசைநாண் வீங்கிச் சிவந்திருப்பதில்லை. அதன் இழைகள் ஒழுங்கு குலைந்து, புரி அவிழ்ந்த கயிறு மாதிரி இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெறும் ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். மறுபடி வேலையைத் தொட்டதும் வலி திரும்பிவிடும். அளவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுத்தால்தான் அந்த இழைகள் சுமை தாங்கப் பழகும்.

படி 1: அதுதானா என்று பாருங்கள்

முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வையுங்கள். மணிக்கட்டை மேலே தூக்குங்கள். மற்றக் கையால் புறங்கையைக் கீழே அழுத்துங்கள். அடுத்து நடுவிரலை மட்டும் நீட்டி, அதை அழுத்திப் பாருங்கள். வலி அந்த எலும்பு முனையிலோ அதற்குச் சற்றுக் கீழோ வந்தால் சந்தேகம் உறுதியாகிறது. நாற்காலியின் முதுகுப் பகுதியை மேலிருந்து பிடித்து, முழங்கையை மடக்காமல் தூக்கிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

வலி முழங்கையின் உள்பக்கம் என்றால் அது வேறு, கோல்ஃபர்ஸ் எல்போ. எலும்பு முனையிலிருந்து மூன்று நான்கு விரல் அகலம் கீழே, தசைக்குள் ஆழமாக வலித்தால் நரம்பு அழுத்தமாக இருக்கலாம். விரல்கள் மரத்துப்போதல், கழுத்தைத் திருப்பினால் கைக்கு இறங்கும் வலி, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, மூட்டு வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சல், முழங்கையை முழுதாக நீட்ட முடியாமை, இவற்றில் ஏதாவது இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: சுமையைக் குறையுங்கள், கையைக் கட்டிப்போடாதீர்கள்

எந்தப் பொருளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி, முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கி, அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். பையைத் தூக்குவதும் குழந்தையைத் தூக்குவதும் இப்படியே. உள்ளங்கை கீழே பார்க்க, கையை நீட்டித் தூக்கினால் முழுச் சுமையும் புண்பட்ட இடத்துக்கே போகும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றியதில் எனக்குப் பகல் நேர வலி பாதியாகக் குறைந்தது. எந்த மாத்திரையும் எனக்கு இந்த அளவுக்கு உதவவில்லை.

கணினியில் வேலை செய்பவர்கள் மவுஸை உடம்புக்கு அருகே கொண்டுவாருங்கள். கீபோர்டின் பின்னால் இருக்கும் மடிப்புக் கால்களை மடக்கிவிடுங்கள்; அவை மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தே வைத்திருக்கும். கைகுலுக்குவது போல் பிடிக்கும் செங்குத்து மவுஸ் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மற்றதெல்லாம் சின்ன விஷயம்: தடித்த பிடியுள்ள கருவிகள், மூடி திறக்க ரப்பர் விரிப்பு, அடிக்கடி சின்ன இடைவேளை.

வலி தாங்கவில்லை என்றால் சில நாள் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். ஐஸ் ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ, எது இதமாக இருக்கிறதோ அது. இவை வலியைத்தான் தணிக்கும், தசைநாணைத் தேற்றாது.

படி 3: பட்டை

முழங்கை முழுவதையும் மூடும் உறையை விட, முன்கையைச் சுற்றிக் கட்டும் ஒற்றைப் பட்டைதான் என் தேர்வு. அதை எலும்பு முனையின் மேலேயே கட்டக் கூடாது. அங்கிருந்து இரண்டு விரல் அகலம் கீழே, முஷ்டி மடக்கும்போது தசை புடைக்குமே, அந்தப் புடைப்பின் மேல் பட்டையின் மெத்தைப் பகுதி உட்கார வேண்டும். கட்டிய பிறகு முஷ்டி மடக்கிப் பாருங்கள்: வலி கொஞ்சமாவது குறைய வேண்டும். விரல் மரத்தால் தளர்த்துங்கள். வேலை நேரத்தில் மட்டும் போதும், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

படி 4: அசையாமல் தாங்குதல்

முன்கையை மேசை மேல் வையுங்கள். கை மட்டும் விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே பார்க்க இருக்கட்டும். அரை கிலோ அல்லது ஒரு கிலோ டம்பெலைப் பிடித்து, மணிக்கட்டு நேராக இருக்கும்படி 30 முதல் 45 விநாடி தாங்குங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. நான்கைந்து முறை, தினமும். பலருக்கு இதைச் செய்ததுமே கொஞ்ச நேரம் வலி குறையும். டம்பெல் இல்லையென்றால் மற்றக் கையால் புறங்கையை அழுத்தி எதிர்ப்புக் கொடுக்கலாம்.

படி 5: மெதுவாக இறக்குதல்

அதே நிலை, அதே டம்பெல். இப்போது மற்றக் கையின் உதவியால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலியுள்ள கையால் மட்டும் கீழே இறக்குங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை இறங்க வேண்டும். கீழே போனதும் மறுபடி மற்றக் கையால் தூக்குங்கள். 10 முதல் 15 முறை, மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும்.

இறக்கும்போது கொஞ்சம் வலிக்கும். இதைப் பார்த்துத்தான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள், அல்லது வலிக்க வலிக்கச் செய்து மோசமாக்கிக்கொள்கிறார்கள். அதனால் இந்த இடத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். வலியே இல்லாததை 0, தாங்க முடியாததை 10 என்று வையுங்கள். பயிற்சியின்போது 3, 4 வரை போகலாம். ஆனால் முடிவு சொல்வது மறுநாள் காலை. எழுந்து, பல் துலக்கும்போதோ குவளையைத் தூக்கும்போதோ, வலி முந்தின காலை இருந்த அளவே இருந்தால் அதே எடையில் தொடருங்கள். குறைந்திருந்து, மூன்று சுற்றும் சுலபமாக முடிந்தால் அடுத்த வாரம் அரை கிலோ கூட்டுங்கள். கூடியிருந்தால் ஒரு நாள் விட்டுவிட்டு, எடையைக் குறைத்து ஆரம்பியுங்கள். காலை வலியை ஒரு நோட்டில் எண்ணாக எழுதிவையுங்கள். நேற்றைய வலி நினைவில் சரியாக நிற்காது. எழுதிவைத்த எண் நிற்கும்.

படி 6: ரப்பர் குச்சியை முறுக்குதல்

எனக்கு மிகவும் பலன் தந்தது இதுதான். கை வரிசை பிடிபட அதிக நேரம் எடுத்ததும் இதுதான். ஒரு சாண் நீளத்துக்கும் மேலான, வளையக்கூடிய தடித்த ரப்பர் குச்சி வேண்டும். தெராபேண்ட் ஃபிளெக்ஸ்பார் போன்றவை நிறத்தை வைத்து வலுவைச் சொல்கின்றன: மஞ்சள் மிக இலகு, சிவப்பு இலகு, பச்சை நடுத்தரம், நீலம் கடினம். சிவப்பில் தொடங்குங்கள். பச்சை நேராக வாங்கினால் முதல் வாரமே மனம் சோர்ந்துவிடும்.

வலது கையில் வலி என்று வைத்துக்கொள்வோம்.

1. வலது கையால் குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மணிக்கட்டைப் பின்பக்கமாக, புறங்கை முன்கையை நோக்கி வரும்படி வளையுங்கள்.
2. இடது கையால் குச்சியின் மேல் முனையைப் பிடியுங்கள். இடது உள்ளங்கை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும்.
3. வலது மணிக்கட்டை அசைக்காமல், இடது கையால் குச்சியை முறுக்குங்கள்.
4. முறுக்கு அவிழாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். இப்போது குச்சி கிடைமட்டமாக இருக்கும். வலது மணிக்கட்டு பின்னால் வளைந்தும் இடது மணிக்கட்டு முன்னால் மடிந்தும் இருக்கும்.
5. இடது கையை அப்படியே வைத்துவிட்டு, வலது மணிக்கட்டை மட்டும் மெதுவாக, நான்கு எண்ணி, முன்பக்கம் மடிய விடுங்கள். முறுக்கு அவிழும்.

பலரும் தடுமாறுவது ஐந்தாவதில். இரண்டு கையையும் சேர்த்துத் தளர்த்திவிட்டால் வேலை முழுக்க நல்ல கைக்கே போய்விடும். கண்ணாடி முன் நின்று செய்யுங்கள்: இடது மணிக்கட்டு அசைந்தால் தவறு. முன்கையின் மேற்புறத் தசை, முழங்கை வரைக்கும், இழுத்துப்பிடித்தபடி இளகுவது தெரிந்தால் சரி. 10, 15 முறை, மூன்று சுற்று. மறுநாள் காலைக் கணக்கு இதற்கும் பொருந்தும். குச்சி இல்லாதவர்கள் படி 5ஐயே எடை கூட்டித் தொடரலாம். துண்டை முறுக்கிச் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது ரப்பர் போல எதிர்த்து இழுக்காது.

படி 7: சுத்தியல்

வலி நன்றாகத் தணிந்த பிறகு, முழங்கையை மடக்கி, சுத்தியலைச் செங்குத்தாகப் பிடித்து, உள்ளங்கை மேலே, அப்புறம் கீழே என்று மெதுவாகத் திருப்புங்கள். தலைக்கு அருகே பிடித்தால் இலகு, கைப்பிடியின் நுனியில் பிடித்தால் கடினம். தோளுக்கும் ஏதாவது பயிற்சி சேருங்கள். அப்புறம் படி 5ஐ முழங்கையை நீட்டியபடி செய்யப் பழகுங்கள், ஏனென்றால் கை நீட்டிய நிலையில்தான் அன்றாட வேலை பாதி நடக்கிறது.

ஊசி போடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு அருமையாக இருக்கும். அதற்குப் பிறகுதான் சிக்கல். 2013இல் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து முழுதாகவோ பெருமளவுக்கோ தேறியவர்கள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 83 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 96 சதவீதம். வலி திரும்பியது முதல் தரப்பில் 54 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். இதைப் படித்த பிறகு நான் போட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்கு மருத்துவர் பரிந்துரைத்தால், ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு காலம்? பயிற்சியின் பலன் தெரியவே ஆறு வாரம் ஆகலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும். நடுவில் ஒரு நாள் வலி எகிறும். அன்று ஒரு படி பின்னால் போய் மறுபடி ஏறுங்கள்; முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சில மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை

"டம்பெலைப் பிடித்தாலே வலிக்கிறது, எப்படி இறக்குவது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பிடிப்பதே சுமைதான். ஒரு துணிப்பையில் எடை போட்டு, பையின் காதை விரல் முட்டிகளுக்குச் சற்று மேலே, புறங்கையில் மாட்டுங்கள். விரல்களைத் தளர்வாக விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் இறக்கலாம். வலி குறைந்ததும் டம்பெலின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிப் பிடித்துப் பழகுங்கள்.

இன்னொருவர் காலையில் எழுந்ததும் முழங்கை இறுகிப்போயிருப்பதாக எழுதியிருந்தார். முழங்கையை முழுதாக மடக்கி, தலைக்கு அடியில் வைத்துத் தூங்குபவர்களுக்கு இது நேரும். ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் தூக்கத்தில் அதிகம் மடங்காது. எழுந்ததும் பத்து முறை மெதுவாக மடக்கி நீட்டிவிட்டு, அப்புறம் எதையும் தூக்குங்கள்.

சரியான பிறகு பயிற்சியை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு: படி 5ஐ மட்டும் வாரத்தில் இரண்டு நாள் நான் இன்னும் செய்கிறேன். வேலை திடீரென்று கூடும் வாரங்களில் பட்டையையும் கட்டிக்கொள்கிறேன்.